சுவரும் சித்திரமும்: கொல்லிமலை புகட்டும் நலப்பாடம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. இதனை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆயினும், இல்லத்தில் நடைமுறை என்று வரும்போது சித்திரத்தைப் பார்த்துச் சுவரை மறந்து விடுகிறோம். அரிசி வெண்மையாக இருக்கின்றதா, பெண் சிவப்பாக இருக்கின்றாளா, பையன் பார்வைக்கு மிடுக்காக இருக்கின்றானா என்று கேட்கின்றோம். அந்த அரிசியில் சத்து எஞ்சியிருக்கின்றதா, அந்தப் பெண்ணின் குருதியில் இரும்புச்சத்து போதுமா, அந்தப் பையன் மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறுவானா என்று கேட்பவர் சிலரே.

புறத்தோற்றத்தைவிட நெடுநாள் நிலைக்கும் உடல்நலமே பெரிது என்பதை எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். பாடத்திற்குரிய களமாகக் கொல்லிமலையை எடுத்துக்கொண்டுள்ளேன். தோற்றத்தின் கவர்ச்சியைக் கூறும் பழங்கதை, நலம் தரும் தானியம், அத்தானியம் ஒதுக்கப்பட்ட வரலாறு ஆகிய மூன்றும் அம்மலையிலே ஒருங்கே அமைந்துள்ளன. வீட்டில் பெரியவர் ஒருவர் வாசிக்கப் பிள்ளைகள் சுற்றி அமர்ந்து கேட்பது நன்று. இறுதியில் சில வினாக்களும் தந்துள்ளேன்.

1. மலையும் பாவையும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடப்பது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறுகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இதுவே. இன்று அங்குப் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். அவர்களுடைய ஊர்த்தொகுதிகள் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என நாடுகளாகவே வழங்குகின்றன.

நற்றிணை, குறுந்தொகை முதலிய சங்க நூல்கள் இம்மலையில் இருந்ததாகக் கூறப்படும் கொல்லிப்பாவையைக் குறிப்பிடுகின்றன. அது தெய்வம் அமைத்த பாவை. காற்று, மழை, இடி எது வந்தாலும் தன் எழில் குன்றாதது என்பது அந்நூல்கள் தரும் செய்தி. பின்னாளில் வழங்கிய கதையோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அப்பாவை புன்முறுவல் பூக்கும். அதன் அழகில் மயங்கி நெருங்கியவர் உயிரிழப்பர் என்பது அக்கதை.

கதையைக் கதையாகவே கொள்வோம். ஆயினும் அதில் பொதிந்துள்ள கருத்தைப் பிள்ளைகள் எளிதில் பற்றிக்கொள்வார்கள். கொல்லிப்பாவையின் எழில் குன்றவில்லை. குன்றியது அதைக் கண்டு மயங்கியவரின் உயிர். தோற்றத்தைப் பின்தொடர்ந்து சென்று உடலை இழந்தவர் கதையில் மட்டும் இல்லை. வரலாற்றிலும் நம் காலத்திலும் உள்ளனர். அவர்களுள் சிலரை இனிக் காண்போம்.

2. கருத்த தானியமும் வெளுத்த தானியமும்

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில், எதனையும் பொருளைக் காட்டிப் பாடம் நடத்த வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அம்முறையையே இங்கும் கையாளுவோம். ஒரு தட்டில் ஒரு கைப்பிடி கேழ்வரகு, ஒரு கைப்பிடி சாமை, ஒரு கைப்பிடி பட்டை தீட்டிய வெள்ளை அரிசி ஆகியவற்றைத் தனித்தனியே வையுங்கள். எது அழகாக இருக்கின்றது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெரும்பாலும் வெள்ளை அரிசியையே சுட்டுவார்கள்.

இப்பொழுது ஒரு தானியத்தின் அமைப்பை விளக்குங்கள். மேலே உமி, அது நம்மால் செரிக்க இயலாத உறை. அதன் கீழே தவிட்டுப் படலம். ஒரு முனையில் முளை. நார்ச்சத்து, தாதுப்பொருள்கள், உயிர்ச்சத்துகள், நல்ல எண்ணெய் ஆகியவற்றின் பெரும்பகுதி இவ்விரண்டிலும்தான் உள்ளது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அரிசியைத் தீட்டத் தீட்ட நிறம் வெளுக்கின்றது. தவிடும் முளையும் நீங்குகின்றன. கண்ணுக்கு நாம் கொடுக்கும் விருந்தின் விலையை உடல் செலுத்துகின்றது.

கேழ்வரகின் நிலை வேறு. அதன் மணி மிகச் சிறியது. மேல்தோலோ மணியோடு இறுக ஒட்டியது. அரிசியைப் போல அதனைத் தீட்டுவது கடினம். ஆகவே தோலோடு சேர்த்தே அரைத்து உண்கிறோம். அந்தக் கருமையே அதற்குக் காவல். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவே உள்ளது. எலும்பு தேயும் வயதில் உள்ள என்னைப் போன்ற மூதாட்டியருக்கும், எலும்பு வளரும் வயதில் உள்ள பேத்தியருக்கும் இந்த வேறுபாடு சிறியதன்று.

கொல்லிமலை மக்கள் இத்தானியங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தனர். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் பல வகைகளை அவர்கள் பெயரிட்டுப் பேணினர். கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, சுருட்டைக் கேழ்வரகு, செந்தினை, பெருந்தினை என அப்பெயர்களைக் கேட்கும்போதே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை அழைப்பது போலத் தோன்றும். ஒரு வகை விரைவில் விளையும். ஒன்று மேட்டு நிலத்திற்கு ஏற்கும். ஒன்று மழை குறைந்தாலும் தாங்கும். விளைந்ததைத் தொம்பை எனப்படும் களஞ்சியத்தில் சேமித்தனர்.

3. வெண்மை கொண்ட பலி

வெள்ளை அரிசி உயிரை வாங்குமா என்று ஐயுறுவோர் ஜப்பானியக் கடற்படையின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1882ஆம் ஆண்டில் புறப்பட்ட 'ரியூஜோ' என்னும் பயிற்சிக் கப்பலில் 376 பேர் இருந்தனர். அவர்களுள் 169 பேரை 'பெரிபெரி' என்னும் நோய் பற்றியது. 25 பேர் மாண்டனர். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து போகும் கொடிய நோய் அது. கடற்படை மருத்துவர் தக்காகி கனேஹிரோ, தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய உணவே காரணம் என ஐயுற்றார். 1884இல் சென்ற 'த்ஸுகுபா' என்னும் கப்பலில் உணவு முறையை மாற்றச் செய்தார். அப்பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

அதன்பின் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் இதே போன்ற நோயால் தள்ளாடுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றவை தேறுவதையும் கண்டார். இந்தத் துறையில் செய்த பணிக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டோடு நாம் எறிந்த பொருள் 'தயமின்' எனப்படும் உயிர்ச்சத்து பி1 என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வரலாற்றில் நம் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. 1918இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு அறையே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அன்றைய சென்னை மாகாணத்தில் பச்சரிசியைத் தீட்டி உண்ட வடகோடிக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி உள்ளே இறங்கி அரிசியோடு தங்கிவிடுகின்றது. பழுப்பேறிய புழுங்கலரிசியைப் பார்வைக்குத் தாழ்ந்தது எனச் சிலர் எண்ணுவர். அந்தப் பழுப்பு நிறமே நம் பாட்டன் பாட்டியரைக் காத்தது.

4. மலையில் நேர்ந்த மாற்றம்

இத்தகைய நல்ல தானியங்கள் விளைந்த கொல்லிமலையிலேயே கடந்த சில பத்தாண்டுகளில் அவற்றின் பரப்புப் பெரிதும் சுருங்கியது. இடத்தைப் பிடித்தது மரவள்ளிக் கிழங்கு. சேலம், நாமக்கல் பகுதிகளிலுள்ள சவ்வரிசி, மாவுச்சத்து ஆலைகளுக்கு அக்கிழங்கு தேவைப்பட்டது. சாலை வந்தது; வண்டி வந்தது; கையில் பணம் கிடைத்தது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைத்ததும் இம்மாற்றத்திற்குத் துணையாயிற்று.

இதற்காக மலைமக்களைக் குறை கூறுதல் அறமாகாது. கிழங்கு விற்ற பணத்தில்தான் பிள்ளைகளுக்குப் புத்தகமும் நோயாளிக்கு மருந்தும் வாங்கினர். இன்னொரு காரணமும் உண்டு. அதனைப் பெண்கள் நன்கு உணர்வார்கள். சாமையின் உமி கடினமானது. அதனை உரலில் இட்டு உலக்கையால் குத்திப் புடைத்து அரிசியாக்குவது மணிக்கணக்கில் செய்யும் வேலை. வயலிலும் வீட்டிலும் உழைத்த பின்னர் அவ்வேலையும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. 'சாமை நல்லது' என்று ஆடவர் சொல்வது எளிது. குத்துகின்ற கை அல்லவா வலிக்கும்? வெள்ளை அரிசியை அவர்கள் விரும்பியதில் வியப்பொன்றும் இல்லை.

பேராசிரியர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் இச்சிறுதானியங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டது. ஊர் விதை வங்கிகள் அமைத்தல், உமி நீக்கும் இயந்திரங்களை மலைக்கே கொண்டுவருதல், மகளிர் குழுக்கள் சத்துமாவும் பிற பண்டங்களும் செய்து விற்கப் பழக்குதல் ஆகியவை அப்பணியின் கூறுகள். நல்ல உணவு வேண்டுமென்று அறிவுரை கூறினால் மட்டும் போதாது. அதைச் சமைப்பவரின் சுமையையும் குறைக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கற்க வேண்டிய உட்பாடம். நம் இல்லங்களிலும் இது பொருந்தும். சிறுதானியச் சோறு வேண்டுமென்று கேட்கும் கணவரும் மகனும் அதைக் கழுவிப் புடைக்கவும் கல் பொறுக்கவும் உடன் அமர வேண்டும்.

இந்திய அரசின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன்பின் நகரக் கடைகளில் சாமையும் தினையும் அழகிய உறைகளில் வந்துள்ளன. இங்கும் பாவையின் புன்முறுவலுக்கு ஏமாறாதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சாமை விரைவில் சிக்கு வாடை பெறும். அதற்கு அஞ்சியும், வெண்மையை விரும்பும் வாடிக்கையாளரை எண்ணியும் பலர் அதனையும் அரிசியைப் போல் தீட்டி விடுகின்றனர். வெள்ளை வெளேரென்று பளபளக்கும் சாமை, பெயரளவில்தான் சாமை. சற்றே மங்கிய, பழுப்புச் சாயல் உள்ள தானியத்தைக் கேட்டு வாங்குங்கள். சவ்வரிசியிலும் இதே கதைதான். கூடுதல் வெண்மைக்காக வெளுப்புப் பொருள் சேர்த்த ஆலைகள் மீது உணவுப் பாதுகாப்புத் துறையினர் நடவடிக்கை எடுத்த செய்திகள் பலமுறை வந்ததுண்டு. வெண்மை கேட்பவர் நாம் அல்லவா? வாங்குவோர் கண் மாறினால் விற்போர் கையும் மாறும்.

5. ஒல்லியெல்லாம் நலமன்று

உணவிலிருந்து உடலுக்கு வருவோம். பருமனாக இருப்பவர் நோயாளி, ஒல்லியாக இருப்பவர் நலமுடையவர் என்று கண்ணால் தீர்ப்பளிப்பது நம் வழக்கம். 2004இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். ஒருவர் புனே நகரின் யாஜ்னிக். மற்றவர் இலண்டனின் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் ஒன்றே, அதாவது 22.3. ஆயினும் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடும், யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. யுட்கின் நெடுந்தூரம் ஓடும் பழக்கம் உடையவர். பார்வைக்கு ஒத்த இருவர் உள்ளே முற்றிலும் வேறாக இருந்தனர்.

இந்தியர் பலருக்கு உடல் மெலிந்து தோன்றினாலும் தசை குறைவாகவும் வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்தும் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி, நம் நாட்டில் வளர்ந்தோருள் 11.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேர், நீரிழிவு உடையவர்கள். அவர்களுள் பலர் பார்வைக்குச் சாதாரணமாகவே இருப்பவர்கள். 'எனக்கென்ன, நான் ஒல்லிதானே' என்று சோதனையைத் தள்ளிப்போடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெலிவின் மறுபக்கம் சோகை. 2019–21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினர். இரண்டு பெண்களில் ஒருத்தி என்று கொள்ளுங்கள். இந்நிலையில், திருமணத்திற்கு முன் இடை மெலிய வேண்டும் என்று காலை உணவைக் கைவிடும் பெண்களைக் காண்கிறோம். தாய்மாரும் அதனைத் தடுப்பதில்லை. நம் சமயத்தில் உண்ணா நோன்புக்குப் பெரிய இடம் உண்டு. அது புலனடக்கத்திற்காகக் கொள்ளும் நோன்பு. கண்ணாடிக்காகக் கிடக்கும் பட்டினியை நோன்பென்று கூறல் தகாது.

6. முகப்பூச்சும் சிறுநீரகமும்

கேரள மாநிலம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த நோயாளிகளை ஆராய்ந்தனர். சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வைத் தாக்கும் ஒரு நோய் 22 பேரிடம் காணப்பட்டது. அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தைச் சிவப்பாக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள். இத்தகைய பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. பாதரசம் தோலின் கருநிறப் பொருள் உண்டாவதைத் தடுக்கும். முகம் சில வாரங்களில் வெளுக்கும். ஆனால் அது தோலின் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தை அடைகின்றது. பூச்சை நிறுத்தியபின் நோயாளிகளுள் பலர் தேறினர் என்பது ஆறுதலான செய்தி.

பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் முதலில் எழும் கேள்வி 'நிறம் எப்படி?' என்பதுதான். அந்தக் கேள்வியை அஞ்சியே ஒரு தாய் மகளுக்குப் பெயர் தெரியாத பூச்சை வாங்கித் தருகின்றாள். கடைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை; அந்தக் கேள்வியைக் கேட்ட நம் நாவுக்கும் அதில் பங்குண்டு. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யோம் என்று உறுதி பூண்ட குடும்பங்கள் நாம். நம் வீட்டுப் பெண்ணின் உடலுக்கு நம் சொல்லால் ஊறு நேர விடலாமா? இனி எந்த இல்லத்திலும் பெண்ணின் நிறத்தைக் கேட்பதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்தால், அதைவிடச் சிறந்த மருத்துவம் இல்லை.

7. படி ஏறிய கால்கள்

கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவியைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்ப அத்தனையும் ஏற வேண்டும். சமவெளியிலிருந்து வருவோரில் உடற்கட்டு மிகுந்த இளைஞரும் பாதி வழியில் மூச்சிரைக்க அமர்ந்துவிடுவதுண்டு. மேட்டிலும் பள்ளத்திலும் நாள்தோறும் நடந்து பழகியவர்க்கு அது அத்துணைக் கடினமன்று. எது வலிமை என்பதைப் படிக்கட்டு சொல்லிவிடும், சட்டை சொல்லாது.

1953இல் இலண்டனில் ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர் பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வகைச் சூழலில் வாழ்ந்தவர்கள். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் இரண்டடுக்குப் பேருந்தின் படிகளை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினார். இதய நோய் நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதைத் தெளிவாகக் காட்டிய தொடக்ககால ஆய்வுகளுள் இது ஒன்று.

2015இல் 17 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. இந்தியரும் அதில் இடம்பெற்றனர். கைப்பிடியின் வலு 5 கிலோகிராம் குறையும்தோறும் இறப்பின் வாய்ப்பு 16 விழுக்காடு மிகுந்திருந்தது. கையின் பிடி உடல் முழுவதிலும் உள்ள தசையின் நிலையைக் காட்டும் ஓர் அடையாளம். அதனை எந்தக் கண்ணாடியும் காட்டாது.

8. நம் நூல்களின் நோக்கு

'உடல் நிலையில்லாதது என்று நாலடியார் கூறுகின்றதே. பின் ஏன் அதனைப் பேண வேண்டும்?' என்று இளைஞர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைத் தன் முதல் மூன்று அதிகாரங்களில் உணர்த்துகின்றது. உடல் நிலையாது; எனவே அது இருக்கும்போதே அறம் செய்க என்பதே அதன் கருத்து. அறம் செய்யக் கருவி வேண்டும். கருவியை வணங்க வேண்டியதில்லை; துருப்பிடிக்க விடவும் கூடாது.

சமண ஆசிரியர்கள் தம் நீதிநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டியது நினைவில் கொள்ளத்தக்கது. கணிமேதாவியாரின் ஏலாதி, ஏலம் முதலிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயர். காரியாசானின் சிறுபஞ்சமூலம், ஐந்து வேர்களால் ஆகிய மருந்தின் பெயர். உடற்பிணிக்கு மருந்து போல உயிர்ப்பிணிக்கு அறம் என்று அவர்கள் கண்டனர். உடல்நலம் இழிந்த பொருள் என்று கருதியிருந்தால் இந்த உவமையைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். தமிழில் உடலுக்கு 'மெய்' என்றும் ஒரு பெயர் உண்டு. உண்மைக்கும் அதுவே பெயர். முகம் பூச்சை ஏற்று நடிக்கும், மெய் நடிக்காது.

9. இல்லத்தில் செய்யத்தக்கவை

அ) வாரத்தில் மூன்று வேளையேனும் அரிசிக்கு மாற்றாகத் தீட்டாத சாமை, தினை அல்லது கேழ்வரகு சமையுங்கள். தினைமாவுக்கு மலைநாட்டில் தேன் சேர்ப்பர். நம் இல்லங்களுக்கு வெல்லமே போதும். நீரிழிவு உடையவர் சிறுதானியமாயினும் அளவோடு உண்க. அதிலும் மாவுச்சத்து உண்டு.

ஆ) தவிடு நீங்காத தானியத்தில் வண்டும் புழுவும் விரைவில் பிறக்கும். சிறிது சிறிதாக வாங்கி, வெயிலில் உலர்த்தி, பத்து நாள்களுக்கு வேண்டிய மாவை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். நலத்துக்கும் கொல்லாமைக்கும் இது ஒருங்கே உதவும்.

இ) கேழ்வரகு, பயறு போன்ற இரும்புச்சத்து உணவோடு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்தால் சத்து நன்கு உட்கவரப்படும். உணவு முடிந்த உடனே தேநீர், காப்பி அருந்துவது அதனைத் தடுக்கும்.

ஈ) மரக்கறி உணவினராகிய நமக்கு உயிர்ச்சத்து பி12 குறைய வாய்ப்புண்டு. பால், தயிரில் அது ஓரளவு கிடைக்கும். பாலைத் தவிர்ப்போரும் முதியோரும் மருத்துவரைக் கேட்டுச் சோதித்துக்கொள்ளுதல் நலம்.

உ) உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் கூறியபடி, வளர்ந்தோர்க்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட விரைந்த நடை போன்ற உழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் வழக்கம் நம்முடையது. அதன்பின் கிடைக்கும் ஒரு நாழிகையைத் தொலைக்காட்சிக்குக் கொடாமல் குடும்பத்தோடு நடக்கக் கொடுக்கலாம்.

ஊ) முதியோர்க்கு ஓர் எளிய சோதனை. கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலியைச் சுவரையொட்டி வைத்து அமருங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகின்றது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதினருள் பெண்கள் 12 முறைக்கும் ஆண்கள் 14 முறைக்கும் குறைந்தாலோ, 70 முதல் 74 வயதினருள் பெண்கள் 10 முறைக்கும் ஆண்கள் 12 முறைக்கும் குறைந்தாலோ கால்வலு போதாது. இடறி விழும் வாய்ப்பு மிகுதி என்று கொள்ள வேண்டும். அருகில் ஒருவர் நிற்க இதனைச் செய்யுங்கள். குறைந்தால் கலங்க வேண்டா. மருத்துவரைக் கலந்து பயிற்சி செய்தால் எந்த வயதிலும் தசை வலுப்பெறும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கொல்லிப்பாவைக்கு இணையாக நம் காலத்தில் மக்களை மயக்கும் மூன்று பொருள்களைக் கூறுக.
2. தானியத்தைத் தீட்டுவதால் நீங்கும் பகுதிகள் யாவை? அவற்றில் இருப்பன யாவை?
3. கொல்லிமலையில் சிறுதானியப் பயிர் குறைந்ததற்குரிய காரணங்கள் எவை? அவற்றுள் நம் வீட்டிலும் காணப்படுவது எது?
4. யாஜ்னிக், யுட்கின் ஆகியோரின் எடுத்துக்காட்டிலிருந்து அறிவது என்ன?
5. உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி, அவருடைய நிறத்தையோ பருமனையோ குறிப்பிடாமல் ஐந்து நல்ல வரிகள் எழுதுக.

ஐந்தாம் வினாவைப் பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன். தொடக்கத்தில் எழுதுகோல் சற்றுத் தயங்கும். தயக்கம் தீர்ந்து எழுதத் தொடங்கினால், இத்தனை நாள் உடனிருந்தும் நாம் பாராட்டத் தவறிய உழைப்பும் பொறுமையும் அன்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அதை எழுதியவரிடமே வைத்துக்கொள்ளாமல் உரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.